வீட்டு ஜெபம் தொடங்கி நிலைக்க: சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

"இந்த வருஷமாவது வீட்டுல ஜெபம் ஆரம்பிக்கணும்" என்று புத்தாண்டு ஆராதனை முடிந்து ஆட்டோவில் வரும்போது சொல்லிக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆரம்பித்து மூன்றாவது வாரத்தில் விட்டவர்களுக்கும்தான். பெரம்பூர் பக்கம் ஒரு நான்கு மாடிக் குடியிருப்பில் 11 வருஷமாக இது நடக்கிறது. முதலில் எங்கள் வீட்டுக்குள் நடந்தது, பிறகு தெருவுக்குப் போனது. அதற்கு முன் நாங்களே மூன்று தடவை விட்டவர்கள்.

பக்தி குறைந்து நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பெரும்பாலும் வரிசை மாறித்தான் நின்றுபோகிறது. முதல் வாரமே பத்து வீட்டை அழைத்து, ஸ்பீக்கர் வாங்கி, கேசரி கிண்டிவிடுகிறார்கள். அந்த வீட்டுக்குள்ளே அப்பாவும் மகனும் ஒருவருக்காக ஒருவர் ஒரு வரி ஜெபித்திருக்க மாட்டார்கள். ஆகவே முதலில் நம் வீடு, அப்புறம் பக்கத்து வீடு, தெரு கடைசியில். கீழே உள்ள படிகளை இந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அச்சிட்ட வேதாகமம் ஒன்று, பெரிய எழுத்தில். போனில் ஆப் இருக்கிறதே என்பீர்கள். போனைத் திறந்ததும் மேலே வாட்ஸ்அப் செய்தி ஒன்று எட்டிப் பார்க்கும். வாசிக்கிறவரின் கண் அங்கே போனால் கேட்கிறவர்களின் கண்ணும் போகும். எங்கள் மாமியாருக்குப் புத்தகத்தில் விரல் வைத்து வாசித்தால்தான் வாசித்த மாதிரி.

எல்லாரும் ஒரே மொழிபெயர்ப்பு வைத்துக்கொள்வது நல்லது. சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே வீடுகளில் பழைய மொழிபெயர்ப்பு இருக்கும். கத்தோலிக்க வீடுகளில் 1995-இல் வந்த திருவிவிலியம் இருக்கும். ஒருவர் "சங்கீதம்" என்று தேடுவதை மற்றவர் "திருப்பாடல்கள்" என்று தேடுவார். அப்போஸ்தலர் நடபடிகளும் திருத்தூதர் பணிகளும் ஒரே புத்தகம் என்பது மருமகளாக வந்த பெண்ணுக்கு முதல் நாளே தெரிந்திருக்காது. இரண்டு சபையிலிருந்து கல்யாணம் ஆனவர்கள் என்றால் ஒரு வாரம் இது, ஒரு வாரம் அது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைப் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று ஒருவரும் "விண்ணுலகில் இருக்கிற" என்று இன்னொருவரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துச் சிரித்து நிறுத்திய வீடுகள் எனக்குத் தெரியும்.

80 பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா. பேனாவை நோட்டோடு நூலால் கட்டிவிடுங்கள். கட்டாத பேனா பள்ளிக்கூடப் பைக்குள் போய்விடும்.

2. நேரத்தை வீட்டிலிருந்து எடுங்கள்

விடியற்காலை 5 மணி ஜெபம் எல்லாருக்கும் ஆசைதான். ஆனால் 5 மணிக்கு எங்கள் குடியிருப்பில் மோட்டார் போட வேண்டும், குடம் பிடிக்க வேண்டும். ஓ.எம்.ஆரில் நைட் ஷிஃப்ட் முடித்த பிள்ளை அப்போதுதான் வந்து படுத்திருப்பான். நம் வீட்டில் நடக்காத நேரத்தைக் குறித்துவிட்டால், தவறுகிற ஒவ்வொரு நாளும் குற்ற உணர்ச்சிதான் சேரும். பத்து நாள் சேர்ந்தால் ஜெபம் என்ற பேச்சை எடுக்கவே கூச்சம் வந்துவிடும்.

ஆகவே ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். எல்லாரும் வீட்டில் இருப்பது எப்போது? எங்களுக்கு அது இரவு 8.40. குக்கர் இறக்கியாயிற்று, தட்டு இன்னும் வைக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துப் பார்த்தோம். ஒருவர் படுத்துவிடுவார், ஒருவர் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். சாப்பாட்டுக்கு முன் என்றால் ரச வாசனை ஜெபத்தைச் சுருக்கமாக வைத்திருக்கும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

கடிகார நேரத்தைவிட ஒரு வேலையோடு இணைப்பது உறுதி. "8.40" என்று சொன்னால் மறக்கும். "குக்கர் இறங்கியதும்" என்றால் மறக்காது.

3. பன்னிரண்டு நிமிஷம், அதற்கு மேல் வேண்டாம்

முதல் மாதம் முழுக்க இந்த அளவுதான். பாட்டில் இரண்டு சரணம். பத்துப் பதினைந்து வசனம். ஒரு கேள்வி. ஆளுக்கு ஒரு வரி ஜெபம். கடைசியாகக் கர்த்தர் கற்பித்த ஜெபம். "இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாமே" என்ற நினைப்போடு எழுந்தால் அடுத்த நாள் உட்கார மனசு வரும். 45 நிமிஷம் இழுத்த வீட்டில் பிள்ளைகளுக்கு அடுத்த நாள் திடீரென்று ஹோம்வொர்க் முளைக்கும்.

பாட்டு முதலில் வருவதற்கும் காரணம் உண்டு. பேச்சை நிறுத்தச் சொன்னால் யாரும் நிறுத்த மாட்டார்கள், பாட ஆரம்பித்தால் தானாக நிற்கும். எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கீர்த்தனையாக இருக்கட்டும். புதுப் பாட்டுக்கு யூடியூப் தேடினால் ஜெபம் அங்கேயே முடிந்தது.

எங்கிருந்து வாசிப்பது? ஆதியாகமத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். யாத்திராகமம் 25 வந்ததும் கூடாரத்தின் அளவுகள் தொடங்கும், லேவியராகமத்தில் வண்டி நின்றுவிடும். மாற்கு சுவிசேஷம் நல்லது. 16 அதிகாரம்தான், ஒவ்வொரு பகுதியிலும் யாராவது ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். நாளுக்கு ஒரு பகுதி என்று போனால் இரண்டு மாதத்துக்குள் முடியும். அது முடிந்ததும் ரூத், நான்கே அதிகாரம். மாமியார் மருமகள் கதை, கேள்வி தானாக வரும்.

களைத்துப்போன ராத்திரிக்கு 117-ஆம் சங்கீதம். மொத்தம் இரண்டே வசனம். வாசித்துவிட்டு ஆமென் சொல்லிச் சாப்பிடப் போங்கள். அன்றைக்கும் ஜெபம் நடந்தது என்பதுதான் கணக்கு.

நீதிமொழிகளில் 31 அதிகாரம், மாதத்தில் 31 நாள் என்று ஒரு பழக்கம் பல வீடுகளில் உண்டு. பெரியவர்கள் தனியாக வாசிக்க அருமையானது. குடும்பமாக உட்கார்ந்தால் அது பிரம்பாக மாறிவிடும். 6-ஆம் தேதி 6-ஆம் அதிகாரம். சோம்பேறியை எறும்பிடம் அனுப்பும் வசனம் வந்ததும் என் வீட்டுக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பெரியவனைப் பார்த்தார். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான். அந்த மாதம் அவனைத் திரும்ப உட்காரவைக்க முடியவில்லை.

4. ஒரே ஒரு கேள்வி

"இதிலிருந்து நாம் என்ன கற்றுக்கொள்கிறோம்?" என்று கேட்காதீர்கள். அது பரீட்சைக் கேள்வி. "கீழ்ப்படியணும்" என்று பிள்ளைகள் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள். "இங்கே யார் என்ன செஞ்சாங்க? நீ அங்கே இருந்தா எங்கே நின்னிருப்பே?" என்று கேளுங்கள்.

மாற்கு 2-ஆம் அதிகாரம் வாசித்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். கைகால் செயலிழந்த திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே போக முடியாமல், கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அப்போது என் சின்னவளுக்கு எட்டு வயது. "அம்மா, அந்த ஓட்டைக்கு யாரு காசு குடுத்தாங்க?" என்றாள். எங்கள் மாடி வீட்டுப் பைப் ஒழுகி, சீலிங் ஈரமாகி, யார் செலவு செய்வது என்று அந்த வாரம்தான் மேல் வீட்டோடு பேச்சு தடித்திருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "நாளைக்கு நானே மேல போய்ப் பேசறேன்." போனார். பாதிப் பாதி என்று முடிந்தது.

நான் ஒரு பிரசங்கம் வைத்திருந்தால் விசுவாசம் பற்றி நாலு வார்த்தை பேசியிருப்பேன். மேல் வீட்டுப் படி ஏறியிருக்க மாட்டோம். கேள்வி கேட்டுவிட்டு அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இந்தப் படியில் கஷ்டமான பகுதி.

5. ஜெபத்தில் திட்டாதீர்கள்

குடும்ப ஜெபங்கள் அதிகம் உடைவது இங்கேதான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளை போனை விட்டு எழுந்திருக்கக் கிருபை செய்யும்." "சுவாமி, இந்த வீட்டில் சிலருக்குக் கோபம் ஜாஸ்தி, அவர்களைத் தொடும்." கண்ணை மூடிக்கொண்டிருப்பவரால் பதில் பேசவும் முடியாது. நேரில் சொல்லத் துணிவில்லாததை ஆண்டவர் வழியாகச் சொல்லி அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: என் குறையை நான் சொல்வேன், அடுத்தவர் தேவையை அவர் சொன்ன வார்த்தையிலேயே சொல்வேன். அதற்காக ஜெபத்துக்கு முன் ஆளாளுக்குக் கேளுங்கள். "உனக்கு நாளைக்கு என்ன வேணும்?" "மேத்ஸ் மிஸ் திட்டக் கூடாது." அதையே ஜெபியுங்கள். அதைத் திருத்தி, "படிப்பில் ஞானம்" என்று பெரிதாக்க வேண்டாம்.

அன்றைக்குக் கணவன் மனைவிக்குள் சண்டை என்றால்? காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருக்கிறது. அடுப்படியில் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். பேச முடியவில்லையா, பிள்ளைகள் வாசிக்கட்டும், நீங்கள் இருவரும் சும்மா உட்காருங்கள். சமாதானமாகிவிட்டது போல நடிப்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

6. நோட்டில் மூன்று கட்டம்

தேதி, யாருக்கு என்ன, என்ன ஆயிற்று. இந்த மூன்றாவது கட்டத்தை யாரும் போடுவதில்லை. முதல் இரண்டு மட்டும் எழுதினால் அது விண்ணப்பப் பட்டியல். மூன்றாவதை நிரப்ப, நாம் திரும்பிப் போய் அந்த ஆளைக் கேட்டாக வேண்டும். தேற்றரவு கிடைப்பது அந்தக் கேள்வியில்தான்.

உதாரணத்துக்கு, "பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்கேன்" என்று எழுதாதீர்கள். "வியாழன் காலை ஸ்கேன்" என்று எழுதுங்கள். வியாழன் மதியம், "அக்கா, ஸ்கேன் முடிஞ்சுதா? சாப்பிட்டீங்களா?" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். எனக்கு அப்படி ஒரு செய்தி வந்த நாளை இன்னும் மறக்கவில்லை. அந்த வாரம் கேட்ட பிரசங்கம் மறந்துவிட்டது.

நடக்காததையும் எழுதுங்கள். கீழ் வீட்டுப் பெரியவருக்கு டயாலிசிஸ் நடந்தபோது ஏழு மாதம் ஜெபித்தோம். மூன்றாவது கட்டத்தில் "இறந்துவிட்டார்" என்று என் மகன் எழுதினான். அதற்குக் கீழேயே அடுத்த வரி: "பாட்டி தனியா இருக்காங்க." நல்ல முடிவுகளை மட்டும் எழுதுகிற நோட்டைப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் நம்புவதை விட்டுவிடுவார்கள்.

7. உட்கார மறுக்கிறவர்கள்

கணவர் நம்பாதவராக இருக்கலாம், காலேஜ் போகும் பையன் "எனக்கு இதெல்லாம் வேண்டாம்" என்னலாம். கட்டாயப்படுத்தாதீர்கள், டி.வி.யைப் பிடுங்கி அணைக்காதீர்கள். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் போதும். அவர்களுக்காக மட்டும் வழக்கத்தைவிட உரக்க ஜெபிக்காதீர்கள். நடு ஹாலில் ஒரு இடம் காலியாக இருக்கட்டும், யாரையும் அழைக்காமல்.

8. இரண்டாவது வீடு

முப்பது நாள் விட்டு விட்டாவது நடந்த பிறகுதான் இந்தப் படி. முதலில் உங்கள் ஆயரிடம் அல்லது பாஸ்டரிடம் சொல்லுங்கள். அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே ஒரு ஜெபக்குழு இருக்கலாம். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் சிறு குழு இருக்கும். இருந்தால் அதில் சேருங்கள். போட்டியாக இன்னொன்று ஆரம்பித்தால் தெருவில் கட்சி உண்டாகும், வேறொன்றும் ஆகாது.

இரண்டு மூன்று வீடு போதும். வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம், வீடு மாறி மாறி. முடியும் நேரத்தை அறிவித்து அதிலேயே முடியுங்கள். 8.30 என்று சொல்லி 9.15 ஆக்கினால், மறுநாள் காலை மின்சார ரயிலைப் பிடிக்கிறவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை. குடியிருப்பு என்றால் செருப்பு மாடிப்படியில் பரவக் கூடாது, வண்டி அடுத்தவர் இடத்தில் நிற்கக் கூடாது. பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் எட்டுப் பேருக்கு மைக் எதற்கு? இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை. பகலிலும்கூடப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும். பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்தனுப்புகிற அண்டை வீட்டாருக்கு நம் ஜெபத்தால் தலைவலி வரக் கூடாது.

இனி, டீ. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் குழுவில் முதல் வாரம் டீ, பிஸ்கட். இரண்டாவது வீட்டில் வடை. மூன்றாவது வீட்டில் பஜ்ஜி, கேசரி. நான்காவது வாரம் ஒரு அக்கா வெஜிடபிள் பிரியாணியே போட்டுவிட்டார். எல்லாரும் அன்பாகத்தான் செய்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒரு சகோதரி வரவில்லை. கேட்டால் "உடம்பு சரியில்லக்கா" என்பார். ஒரு நாள் மார்க்கெட்டில் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார். கையைப் பிடித்துக் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த முறை என் வீடுக்கா. பத்துப் பேருக்கு நான் என்ன செய்யறது?" வீட்டு வேலைக்குப் போகிறவர். அவர் வீட்டில் அந்த மாதம் கேஸ் சிலிண்டரே கடனில் வந்தது.

அன்றிலிருந்து விதி ஒன்றுதான்: எந்த வீடானாலும் டீ, பொட்டுக்கடலை. பிறந்தநாளோ கல்யாண நாளோ எதுவானாலும் மாறாது. இருக்கிறவர் கூடுதலாகச் செய்ய ஆசைப்பட்டால் வேறொரு நாள் கூப்பிடட்டும். குழுவிலேயே வசதி குறைந்த வீட்டால் எது முடியுமோ அதுதான் எல்லாருக்கும் அளவு. அந்தச் சகோதரி அடுத்த வாரமே வந்தார். இப்போது எங்கள் குழுவில் பாட்டு எடுத்துக் கொடுப்பது அவர்தான்.

9. ஜெபக் குறிப்பு வம்பாக மாறும் இடம்

"அந்தத் தெருமுனை வீட்டுப் பொண்ணுக்காக ஜெபிச்சுக்குங்க. என்னன்னு கேக்காதீங்க, ஏதோ பிரச்சினை." இதைவிடப் பக்தியான வம்பு கிடையாது. இல்லாத ஒருவரைப் பற்றிச் சொல்லும் முன் அவரிடம் "இதைக் குழுவில் சொல்லலாமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மனசுக்குள் ஜெபியுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் யாருடைய நோயின் பெயரும், ரிப்போர்ட் படமும் போடக் கூடாது. ஒரு பெண்ணின் கருக்கலைவுச் செய்தி அப்படி அனுப்பப்பட்டு, அவர் மாமியாரின் ஊர் வரைக்கும் ஒரே ராத்திரியில் போனது. அவர் எந்த ஜெபக்கூட்டத்துக்கும் அதன்பிறகு போகவில்லை.

சாட்சி சொல்ல மூன்று நிமிஷம். யாராவது "நான் மாத்திரையை நிறுத்திட்டேன், விசுவாசம்" என்றால் அங்கேயே மெதுவாகத் திருத்துங்கள். பி.பி. மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் ஜெபத்தோடு சேர்ந்தே போகட்டும், நிறுத்துவதா வேண்டாமா என்பது டாக்டர் சொல்ல வேண்டியது.

10. ஜெபித்த கையால் செய்யுங்கள்

சாப்பாடு இல்லாதவரிடம் "சமாதானமாய்ப் போ, பசியாறு" என்று சொல்லிவிட்டு எதுவும் கொடுக்காவிட்டால் என்ன பயன் என்று யாக்கோபு 2-இல் கேட்கிறார். குழு ஆரம்பித்து இரண்டு மாதத்தில் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும்.

சின்னதாகவே ஆரம்பியுங்கள். சென்ட்ரலுக்கு எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் ஒருவர் படுத்திருந்தால் துணைக்கு இருப்பவருக்குத்தான் சாப்பாடு, குளியல், தூக்கம் எதுவும் இருக்காது. ஒருவர் டிபன் கேரியர் எடுத்துப் போகட்டும், இன்னொருவர் ஒரு ராத்திரி மாற்றிக்கொள்ளட்டும். வீட்டில் விட்டு வந்த பிள்ளையை மூன்றாமவர் ஸ்கூலில் விடட்டும். யார் எந்த நாள் என்று நோட்டில் எழுதுங்கள். "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டு வரேன், இட்லியா சாதமா?" என்று கேட்டால் பதில் வரும்.

பிற மதத்தவர் வீட்டுக்கும் அப்படியே போங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மொட்டைமாடியில் ஒரே பாயில் படுத்தவர்கள்தானே. சாப்பாட்டுப் பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரம் வைக்காதீர்கள். "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, மறுநாளும் சாப்பாடு கொண்டு போங்கள்.

பணம் வசூலித்தால் இரண்டு பேர் எண்ணி, எழுதி, அந்த வாரமே கொடுத்து முடியுங்கள். கையில் தங்க விடாதீர்கள். குழுவுக்குள் சீட்டு பிடிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சீட்டு உடைந்தால் ஜெபமும் உடையும். நான் இரண்டு குழுக்களில் பார்த்துவிட்டேன்.

11. நின்றுபோனால்

நிற்கும். மார்ச்சில் பரீட்சை. மே மாதம் பாதிக் குடும்பங்கள் நெல்லை ரயிலில் ஊருக்குப் போயிருக்கும். டிசம்பரில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ். எங்களுக்கு ஒரு தடவை நான்கு மாதம் நின்றது.

விட்ட இடத்திலிருந்து பிடிக்க முயலாதீர்கள், வாசிக்காத அதிகாரங்களைக் கணக்குப் போடாதீர்கள். "ஏன் விட்டோம்" என்ற விசாரணையும் வேண்டாம், அது இன்னொரு சண்டையில் முடியும். குக்கர் இறங்கியதும் உட்கார்ந்து 117-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். அடுத்த நாள் பன்னிரண்டு நிமிஷம்.

நோட்டு தீர்ந்துபோனால், மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் வரிகளை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்துக்கு மாற்றி எழுதுங்கள். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஐந்தாவது நோட்டின் முதல் பக்கத்தில் அப்படி ஏழு வரி இருக்கிறது. அதில் நான்காவது, 2019-இல் சின்னவள் கையெழுத்தில் எழுதியது: "அண்ணன் ஜெபத்துக்கு வரணும்." போன வாரம் அதையும் மாற்றி எழுதினோம்.